கப்பலில் பாதி விலை இஸ்திரி

என் மச்சானுக்கு நான் நானூறு கடன்பட்டிருந்தேன். மச்சான் என்றால் என் வீட்டுக்காரியின் அண்ணன். இஸ்திரி வண்டியும் கரிப் பெட்டியும் வாங்க அவர் கொடுத்த பணம் அது. கல்யாணமான புதிது, கையில் ஒரு சல்லி கிடையாது. அந்தக் கடனை நான்தான் அடைத்தேன் என்று பல இடங்களில் மார்தட்டியிருக்கிறேன். உண்மையில் அடைத்தது அவள் கை. நான் வீடு வீடாகப் போய்த் துணி வாங்கி வந்தேன், கொண்டுபோய்க் கொடுத்தேன், காசை வாங்கிப் பையில் போட்டேன். தேய்த்ததெல்லாம் அவள்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். இன்றைக்கு மூன்று லாண்ட்ரிக்கு முதலாளி. வட்டிக்குக் கடன் வாங்காமல், கட்சி பிடிக்காமல், யார் காலிலும் விழாமல் வந்தவன். கணக்கில் என்னை ஏமாற்ற இன்னும் ஒருத்தன் பிறக்கவில்லை. என்னைப் பற்றி ஆரம்பித்தால் பொழுது விடிந்துவிடும். இப்போது சொல்ல வந்தது அவளைப் பற்றி.

அவள் சட்டை தேய்க்கிறதைப் பார்க்க வேண்டும். பெட்டியைக் கன்னத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ச் சூடு பார்ப்பாள். விரல் நுனியால் தண்ணீர் தெளிப்பாள். காலரை இரண்டு ஓரத்திலிருந்தும் நடுவுக்குத் தேய்ப்பாள், நடுவிலிருந்து போனால் ஓரத்தில் சுருக்கம் விழும். கை வேலை செய்துகொண்டிருக்கும், வாய் ஓயாது. தெரு மூலையில் நின்ற எங்கள் வண்டியைத் தாண்டிப் போகிறவர்கள் இரண்டு நிமிஷமாவது நிற்காமல் போனதில்லை.

"இவர் சட்டையில முழங்கை தேஞ்சிருக்கு, எழுதற உத்தியோகம். அவர் சட்டையில வயித்துப் பொத்தானத்தான் எப்பவும் காணோம், அவருக்குச் சாப்பிடற உத்தியோகம்" என்பாள். சட்டைக்குச் சொந்தக்காரரே நின்று சிரிப்பார்.

முதல் கடை பிடித்து நீராவி மிஷின் போட்ட அன்றைக்கு அவளிடம் சொன்னேன். "போதும்மா. இனிமே நீ முதலாளி சம்சாரம். அடுத்தவங்க துணியில உன் கை படக் கூடாது."

"சரிங்க" என்றாள்.  மேற்கொண்டு நான் கேட்கவில்லை. சந்தோஷத்தில் வாயடைத்துவிட்டாள் என்றே நினைத்தேன்.

கொஞ்ச நாள் கடைக்கு வந்து ஓரமாக நிற்பாள். அவள் பார்க்கிறாள் என்றாலே வேலைக்காரப் பையன்கள் மடிப்பைத் தப்புத் தப்பாகப் போட்டார்கள். நானே வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். அப்புறம் வீட்டில் திரைச்சீலையைத் தேய்த்தாள், துண்டைத் தேய்த்தாள், கால் துடைக்கிற துணியைக்கூட மடிப்புக் கலையாமல் தேய்த்து வைத்தாள். பேச்சு குறைந்துபோனது. "அம்மாவை எங்கயாவது கூட்டிட்டுப் போங்கப்பா, சுவரைப் பாத்தே உக்காந்திருக்காங்க" என்று மகள் போனில் சத்தம் போட்டாள்.

நான் சும்மா மலைக்கும் அருவிக்கும் கூட்டிப் போகிற ஆளா? ஆறு வாரக் கப்பல் பயணத்துக்குச் சீட்டு வாங்கினேன். எங்கள் சொந்தத்தில் ஒருத்தரும் கப்பல் வாசலைக்கூட மிதித்தது கிடையாது. எவ்வளவு ஆயிற்று என்று யாராவது கேட்டால் சொல்லலாம் என்று காத்திருந்தேன். எல்லோரும் கேட்டார்கள். எல்லோருக்கும் சொன்னேன்.

துணி எடுத்து வைப்பதில்தான் முதல் சண்டை. ஒரு நாளைக்கு ஒரு உடுப்பு, போட்டதைத் திரும்பப் போடக் கூடாது, கப்பலில் ஒரு துணியும் துவைக்கக் கூடாது என்பது என் திட்டம். லாண்ட்ரி முதலாளி அழுக்குத் துணியைத் தூக்கிக்கொண்டு அலைந்தால் நன்றாகவா இருக்கும்?

"ஏங்க, ஒரு வாரத்துக்கு எடுத்துக்குவோம். மேலுக்கு ரெண்டு வச்சுக்கலாம். மிச்சத்த அங்கயே அலசிக்கலாமே."

"துவைக்கிறதுக்கா கப்பல் ஏறுறோம்?"

"கடல் காத்து துணிக்கு ஆகாதுங்க. நம்ம வண்டியில கப்பல்காரர் ஒருத்தர் துணி போடுவாரே, மறந்துட்டீங்களா? மூட்டையப் பிரிச்சாலே பூசண வாடை அடிக்கும். அடுக்கி வச்சதெல்லாம் கசங்கித்தான் வரும்."

"அது அந்தக் காலத்துக் கப்பல். இது ஏசி."

ஐந்து சூட்கேஸ் ஆனது. பூட்டுவதற்கு நான் ஒவ்வொன்றின்மேலும் ஏறி உட்கார வேண்டியிருந்தது. அவள் தன் சேலைகளுக்கு நடுவில் சின்ன இஸ்திரிப் பெட்டி ஒன்றைச் சுருட்டி வைத்திருக்கிறாள், எனக்குத் தெரியாது. கப்பல் ஏறுகிற இடத்தில் அதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். அறைக்குள் சூடு பண்ணுகிற சாமான் எதுவும் கூடாதாம், தீப்பிடிக்குமாம். இறங்கும்போது தருகிறோம் என்று சீட்டுக் கட்டி வாங்கிக்கொண்டார்கள். பிள்ளையை முதல் நாள் பள்ளிக்கூடத்தில் விடுகிற மாதிரி அதைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

அறை என்ன, எங்கள் வீட்டுச் சாமான் அறை அளவுதான். கட்டிலுக்குக் கீழே இரண்டு சூட்கேஸ், அலமாரியை மறித்து ஒன்று, குளியலறைக்குப் போக வேண்டும் என்றால் மற்ற இரண்டையும் தாண்டிக் குதிக்க வேண்டும். முதல் வாரம் முடிவதற்குள் அவள் சொன்னது நடந்தது. கப்பலில் எல்லோரும் கோட்டுப் போட்டுக்கொண்டுதான் சாப்பிடப் போக வேண்டிய ராத்திரி ஒன்று வந்தது. எந்தச் சட்டையை எடுத்தாலும் கசக்கிப் பிழிந்த காகிதம். ஒரு மாதிரி வாடை வேறு. கப்பல் லாண்ட்ரியின் விலைச் சீட்டைப் பார்த்தேன். ஒரு சட்டை தேய்க்க அவர்கள் கேட்ட காசில் என் கடையில் குடும்பத்துக்கே தேய்த்துக் கொடுப்பேன். தொழில்காரன் நான், வயிறு எரிந்தது.

"ஆறாவது மாடியில நாமளே துவைச்சுத் தேய்ச்சுக்கற ரூம் ஒண்ணு இருக்காம். குடுங்க, நான் பாத்துக்கறேன்" என்று சட்டைகளை வாரிக்கொண்டு போனாள்.

ஒரு மணி நேரமாகியும் ஆளைக் காணோம் என்று தேடிப் போனேன். நீளமான வராந்தா, இரண்டு பக்கமும் ஒரே மாதிரிக் கதவுகள். வழி தெரியாமல் நின்றபோது ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. யாரோ என்றுதான் நினைத்தேன். அவள் சிரிப்பு எப்படி இருக்கும் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.

ஜன்னல் இல்லாத அறை. நாலு துவைக்கிற மிஷின், நாலு உலர்த்துகிற மிஷின், சங்கிலி போட்டுக் கட்டிய இஸ்திரிப் பெட்டியோடு இரண்டு மேசை. மிஷின் முடியட்டும் என்று ஏழெட்டுப் பேர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள், பாதிப் பேர் நம்ம பாஷைக்காரர்கள். நடுவில் இவள். முன்னால் யாருடைய கால்சட்டையோ. பக்கத்தில் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நர்ஸ் ஒரு அம்மா, தனியாக வந்தவர்.

"அக்கா, இந்தப் பேன்ட்டப் பாத்துச் சொல்லுங்க, ஆளு எப்பிடி?" என்றார் நர்ஸம்மா.

"முட்டி ரெண்டும் தொங்கிப் போச்சு. மனுஷர் நின்னு பழக்கமில்ல, உக்காந்தே காலத்த ஓட்டறவர்."

"பேங்க் மேனேஜர்ம்மா!" என்று நாற்காலியிலிருந்து ஒருவர் கையைத் தூக்கினார். அறையே அதிர்ந்தது.

அன்றிலிருந்து தினமும் காலைப் பலகாரம் முடிந்ததும் அங்கே போய்விடுவாள். வெளியே மேல்தளத்தில் கடலைப் பார்க்க ஜனங்கள் நாற்காலிக்கு அடித்துக்கொண்டார்கள், இவள் அந்தப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. அங்கே மிஷினுக்குச் சண்டை வரும். முடிந்த துணியை எடுக்காமல் போய்விடுவார்கள், அடுத்தவர் ஈரத்தோடு வெளியே தூக்கிப் போட்டுவிடுவார். இவள் இரண்டு பேர் துணியையும் வாங்கி மடித்துக் கொடுத்துச் சமாதானம் பண்ணிவிடுவாள். இஸ்திரி அக்கா என்றால் கப்பலில் பாதிப் பேருக்குத் தெரியும். நர்ஸம்மா கால் வலிக்கு ஒரு பயிற்சி சொல்லிக்கொடுத்தார். பேங்க் மேனேஜர் தன் கைபேசியிலிருந்து பழைய பாட்டுப் போடுவார். அறைக்குத் திரும்பியதும் அன்றைக்கு நடந்ததை ஒன்று விடாமல் சொல்வாள். நான் தூங்கிப் போனாலும் சொல்லிக்கொண்டிருப்பாள்.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் ஓசி வேலையைப் பார்த்துக்கொண்டு என்னால் சும்மா இருக்க முடியாது. அது என் ரத்தம்.

"எத்தன சட்டை தேய்ச்ச இன்னைக்கு?"

"யாரு எண்ணுனா? ஒரு இருபது இருக்கும்."

"காசு?"

"என்னங்க நீங்க! பேசிட்டே தேய்க்கறதுக்கு யாராவது காசு கேப்பாங்களா?"

"நூல் புடிச்ச மாதிரி மடிப்பு. அதை ஓசியில குடுக்கற. நான் எப்பிடி மேல வந்தேன்னு உனக்குத் தெரியாதா?"

மறுநாளே லிஃப்ட் பக்கத்தில் ஒரு தாள் ஒட்டினேன். சட்டைக்கு, கால்சட்டைக்கு, கோட்டுக்கு, எல்லாவற்றுக்கும் கப்பல் விலையில் பாதி. எங்கள் அறை எண். சாப்பாட்டு மேசையில் பக்கத்தில் உட்கார்ந்தவர்களிடம் வாயாலும் சொன்னேன். "முப்பது வருஷ அனுபவம், மூணு கடை" என்றேன். அன்று சாயங்காலமே கதவைத் தட்ட ஆரம்பித்துவிட்டார்கள். முன்பணம் வாங்காமல் ஒரு துணியைத் தொடவில்லை நான். நர்ஸம்மாவிடமும் வாங்கினேன்.

"அவங்ககிட்டயுமாங்க?" என்றாள்.

"தொழில்னா தொழில். வர்ற காச யாராவது வேண்டாம்பாங்களா?"

"எனக்கு எதுக்குங்க இந்தக் காசு?"

கேள்வியை நான் காதில் வாங்கவில்லை. சூட்கேஸுக்கு மேலே துணி மூட்டை, கட்டில் மேலே துணி மூட்டை. விடிகாலையிலேயே அவளை எழுப்பி அனுப்புவேன், மேசை இரண்டையும் பிடிக்க வேண்டும் அல்லவா. நானும் கூடப் போய் அடுத்த துணியை எடுத்துக் கொடுத்தேன். வாய் பேசினால் கை மெதுவாகிறது என்று நானே சொன்னேன். அவளும் பேச்சை நிறுத்திக்கொண்டாள். உட்கார்ந்து கதை பேசியவர்கள் மேசை கிடைக்காமல் வாசலோடு திரும்பினார்கள். பாட்டுப் போட்ட பேங்க் மேனேஜர் வரவில்லை. ஒரு நாள் நர்ஸம்மா கதவுக்கு வெளியிலேயே நின்று, "என்னோட ரெண்டு சட்டை எப்பங்க கிடைக்கும்?" என்று கேட்டார். அக்கா என்கிற வார்த்தை இல்லை. இவள் தேய்க்கிற கையை நிறுத்தி, "நாளைக்கு" என்றாள். அவ்வளவுதான் பேச்சு.

அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். அன்றைய வசூலை எண்ணிக்கொண்டிருந்தேன்.

அடுத்த நாள் கப்பல் லாண்ட்ரியின் பொறுப்பாளர் எங்கள் அறைக்கு வந்தார். நம்ம பாஷைதான். கையில் நான் ஒட்டிய தாள்.

"ஐயா, இது நீங்க எழுதினதா?"

"ஆமா. நான் யார்னு தெரியுமா? மூணு லாண்ட்ரி வச்சிருக்கேன்."

"அப்ப உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்ல. உங்க கடை வாசல்ல ஒருத்தர் மேசை போட்டுப் பாதி விலைக்குத் தேய்ச்சா விடுவீங்களா?"

என்னை மடக்கிய ஆள் வாழ்க்கையில் அவர் ஒருத்தர்தான். ஒரு காலத்தில் அப்படி மேசை போட்ட ஒருத்தனை நான் விரட்டியிருக்கிறேன்.

"பயணிங்க வியாபாரம் பண்ணக் கூடாதுங்கய்யா. வாங்கின பணத்தத் திருப்பிக் குடுத்துடுங்க. மேசை கிடைக்கலன்னு புகார் மேல புகார். கேப்டன் வரைக்கும் போயிடுச்சு. ரெண்டு மேசையையும் எடுக்கச் சொல்லிட்டாங்க."

அதுவரை மூலையில் நின்றிருந்தவள் முன்னால் வந்தாள். "மேசையயேவா தம்பி? இனிமே யாருமே தேய்க்க முடியாதா?"

"முடியாதும்மா."

"நான் வேணா அந்தப் பக்கமே வரல. மத்தவங்களுக்காவது வச்சிருங்க."

"என் கையில இல்லம்மா. மன்னிச்சுக்கங்க."

அவர் போன பிறகு கட்டில் நுனியில் உட்கார்ந்தாள். "பணம் போனா போகுது, விடு. கடைசியில நமக்கு எவ்ளோ நஷ்டம்னு பாத்தா..." என்று நான் ஆரம்பித்தேன். அவள் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. கத்தியிருந்தால் பதிலுக்கு நானும் கத்தியிருப்பேன்.

கப்பலில் இன்னும் மூன்று வாரம் பாக்கி இருந்தது. அந்த மூன்று வாரமும் அறையின் வட்டக் கண்ணாடி ஜன்னல் வழியாகக் கடலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள், வீட்டில் சுவரைப் பார்த்த மாதிரியே. வீடு திரும்பி இதை எழுதுகிற இந்த நேரம்கூட உள்ளே டிவி ஓடுகிறது, அவள் பார்க்கிறாளா என்று தெரியவில்லை. கடையில் ஒரு மேசை போட்டுத் தருகிறேன், வா என்று கேட்டுப் பார்த்தேன். "வேண்டாங்க. முதலாளி சம்சாரம் அடுத்தவங்க துணியத் தொட்டா உங்க கடைக்குப் பேர் கெட்டுடும்" என்றாள். நான் சொல்லிக்கொடுத்த வார்த்தை அது.

கப்பலில் பணத்தைத் திருப்பிக் கொடுக்கக் கிளம்பிய அன்றைக்கு, "நீ இரு, நான் குடுத்துட்டு வரேன்" என்றேன்.

"வாங்கினது நீங்க. குடுக்கறது நான்" என்று பையைப் பிடுங்கிக்கொண்டாள். எங்கள் கல்யாண வாழ்க்கையில் என் கையிலிருந்து அவள் ஒன்றைப் பிடுங்கியது அதுதான் முதல் தடவை.

ஒவ்வொரு கதவாகத் தட்டினாள். நான் துணிமூட்டையோடு பின்னால் போனேன், அந்தக் காலத்தில் வீடு வீடாகப் போனவன் மாதிரி. சிலர் முகத்தைச் சுளித்தார்கள். சிலர் பரவாயில்லை என்றார்கள். கடைசியாக நர்ஸம்மா அறை.

கதவைத் திறந்தவர் அவளைப் பார்த்ததும் ஒரு பக்கமாக ஒதுங்கினார். "உள்ள வாங்க அக்கா."

"இல்லங்க. ரெண்டு சட்டையையும் தேய்க்க முடியாமப் போச்சு. அப்பிடியே கொண்டாந்திருக்கேன்."

"சட்டை கெடக்கு, விடுங்க. பணத்த நீங்களே வச்சுக்கங்கக்கா. இத்தன நாள் தேய்ச்சீங்களே."

"அது வேற, இது வேற." அவள் வாசற்படியைத் தாண்டவில்லை. "கையை நீட்டுங்க நர்ஸம்மா."

நர்ஸம்மா என்னைப் பார்த்தார். நான் தரைவிரிப்பைப் பார்த்தேன். பிறகு அவர் கையை நீட்டினார். இவள் பையைத் திறந்து, ஈரத் துணியைத் தடவிப் பார்க்கிற மாதிரி ஒவ்வொரு நோட்டையும் விரலால் நீவி மடிப்பெடுத்து, வாய்விட்டு எண்ணி, விரித்த அந்த உள்ளங்கையில் வைத்தாள்.