இது நீ இல்லையென்று சொல், முருகா

மாலை போட்ட மூன்றாம் நாள் என் கை நடுங்க ஆரம்பித்தது. விபூதித் தட்டைப் பிடிக்க முடியவில்லை. அடியார்களே, அன்றைக்கு என்னைச் சுற்றி நின்று அரோகரா போட்டவர்களில் பாதிப் பேர் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறீர்கள். உங்கள் மேல் எனக்குக் கோபமில்லை. கொஞ்சம் இருந்தது, இப்போது இல்லை.

அனுப்பர்பாளையத்தில் நான்கு தையல் மிஷின் போட்டு, பனியன் கம்பெனிகளுக்குத் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஆடியில் ஆர்டர் நின்றது. ஆர்டர் நின்றால் வட்டி நிற்குமா? படுத்தால் நெஞ்சு அடித்துக்கொள்ளும், தூக்கம் வராது. தூங்கத்தான் குடித்தேன். பிறகு எழுந்திருக்கவும் குடிக்க வேண்டியிருந்தது. செத்துத் தொலைந்தால் தேவலை என்று நினைக்காத நாளில்லை. என் மனைவி செல்வியிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆம்பளைத் திமிர், வேறென்ன!

தைப்பூசத்துக்குப் பழனி நடக்க மாலை போட்டேன். மாலை கழுத்தில் ஏறினால் குடியைத் தொடக்கூடாது. ஒரேயடியாக விட்டேன். எல்லோரும் மெச்சினார்கள்.

மூன்றாம் நாள் பூஜையில் கை, தோள், தாடை எல்லாம் உதறியது. வேர்த்துக் கொட்டியது. சுவரில் என்னவோ ஊர்வதுபோல் தெரிந்தது.

"சாமி வந்திருச்சுங்க! யாரும் தொடாதீங்க!" என்று குருசாமி கத்தினார். செல்வி என் காலில் விழுந்தாள்.

"சாமி, எங்க கடன் எப்பத் தீருமுங்க? இவரு எங்கிட்ட எதையும் சொல்ல மாட்டேங்கறாருங்க. நீங்களாச்சும் சொல்லுங்க சாமி."

எனக்கு அது நன்றாகக் காதில் விழுந்தது. ஐயோ, உள்ளே இருந்தது நான்தானே! நாக்கு எழவில்லை. அதுவரை கடன் தீர வேண்டும் என்று மட்டுமே வேண்டியவன், அன்று வேறொன்று வேண்டினேன். முருகா, இது நீ இல்லையென்று யாரையாவது விட்டுச் சொல்.

பக்கத்து வீட்டு ஜெசிந்தா அக்கா சத்தம் கேட்டு வாசலுக்கு வந்திருந்தார். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர், மாதா கோயிலுக்குப் போகிறவர். செருப்பைக் கழற்றிவிட்டு நேராக உள்ளே வந்தார்.

"ஏ செல்வி, இது சாமி இல்லம்மா. குடிய ஒரேயடியா நிறுத்துனா இப்படித்தான் ஒதறும். எங்கப்பா இதுலதான் போயிட்டாவ. ஆட்டோவக் கூப்பிடு!"

குருசாமி முறைத்தார். செல்வி யாரையும் பார்க்காமல் ஆட்டோ பிடிக்க ஓடினாள்.

ஆட்டோவிலேயே வலிப்பு வந்ததாம். ஆஸ்பத்திரியில் நாலைந்து நாள் கழித்து டாக்டர் கேட்டார், "எதுக்குக் குடிச்சீங்க?" திட்டியவர்கள் உண்டு, அப்படிக் கேட்டவர் அதுவரை ஒருவருமில்லை. "தூக்கம் வர்லீங்க" என்றேன். பக்கத்தில் செல்வி நிற்க, கடன், சாவு நினைப்பு எல்லாவற்றையும் கொட்டி அழுதேன். குடிக்கு மட்டுமல்ல, மனசுக்கும் மருந்து வேண்டும் என்றார் டாக்டர்.

மிஷின்களை விற்றாயிற்று. கடன் பாதி அப்படியே இருக்கிறது. வேறொருவர் கம்பெனியில் தைக்கிறேன். சில காலைகளில் எழுந்திருக்கவே பிடிப்பதில்லை. மாத்திரையைப் போட்டுக்கொண்டு போகிறேன். ஆனால் செல்விக்குத் தெரியாத கடன் ஒன்றுகூட என்னிடம் இல்லை. கடன் தீர்க்கச் சொன்னேன், முருகன் உயிரைத் தந்தான். அதையும் மாதா கோயில் அக்கா கையில் கொடுத்தனுப்பினான். அவன் இஷ்டம், கேட்க நான் யார்?

நாளை மாலை போடப்போகிறவர்களே, குடிக்கிறவராயிருந்தால் முதலில் டாக்டரிடம் சொல்லிவிட்டுப் போடுங்கள். முருகன் கோபிக்க மாட்டான். கை நடுங்கினால் என்னிடம் வாருங்கள். விபூதி நானே பூசிவிடுகிறேன். பூசிவிட்டு ஆட்டோ கூப்பிடுகிறேன்.