உதவித்தொகையை நம்பி அப்பா செய்தது

பகல் பதினொரு மணிக்கு அப்பாவை வீட்டில் பார்த்ததும் யாரோ செத்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். செண்பகனூரில் எங்கள் வீடு. மலையில் இன்னும் மேலே ஒரு விடுதிப் பள்ளியில் அவர் தலைமைச் சமையல்காரர். காய்ச்சல் அடித்தாலும் வேலைக்குப் போகிற மனிதர், சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, வெயிலில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"என்னப்பா, லீவா?"

"லீவெல்லாம் இல்லம்மா. சோலிய விட்டுட்டேன். அதான் ஒனக்குச் சம்பளம் போட்டுட்டாங்களே."

தோள்பையை இறக்கக்கூடத் தோன்றாமல் நின்றேன்.

எண்பதுகளின் தொடக்கம் அது. சமவெளியில் ஒரு பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்திருந்தேன். எங்கள் மலையின் சோலைக்காட்டுப் பாசிகள்தான் ஆராய்ச்சி. உதவித்தொகை கிடைத்துவிட்டது, மாதாமாதம் பணம் தருவார்கள் என்று வீட்டுக்கு ஒரு கார்டு போட்டிருந்தேன். அவ்வளவுதான் எழுதியிருந்தேன். அப்பாவுக்குத் தெரிந்த அரசாங்கப் பணம் ஒரே வகை: ரிட்டயர் ஆகும்வரை சம்பளம், அப்புறம் பென்ஷன். "இத்தன வருசமா நாமதான் பள்ளிக்கூடத்துக்குச் சம்பளம் கட்டுனோம். இப்ப கவர்மெண்டு நமக்குக் கட்டுது" என்று டவுன் பஸ் கண்டக்டர்வரை சொல்லி வைத்திருந்தார்.

"எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கல. எழுதிக் குடுத்துட்டு வந்துதான் சொன்னாரு" என்றாள் அம்மா, என்னைப் பார்க்காமல்.

"மூணு வருசந்தாம்ப்பா தருவாங்க. அப்புறம் கெடையாது. இன்னும் மொதப் பணமே வரல, மெஸ்ஸுக்குக் கடன் நிக்கிது."

அப்பா சிரித்தார். நான் விளையாடுகிறேன் என்று நினைத்தார். இன்னொரு முறை சொன்னபோது அவர் முகம் போன போக்கைப் பார்க்க முடியவில்லை.

"மூணு வருசங்கழிச்சு என்ன பண்ணுவே?"

ஆராய்ச்சி மாணவியிடம் கேட்கவே கூடாத கேள்வி இது. வேலை கிடைக்கும் என்றேன். எங்கே என்றார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஒரு கார்டை நம்பி வேலையை விடுவார்களா? ஆனால் உதவித்தொகை அனுப்ப வேண்டிய, ஊர் பேர் தெரியாத அதிகாரிகளை நம்பி நானும்தானே மாசக்கணக்கில் காத்துக்கிடந்தேன். கோபத்தை யார்மேல் காட்டுவது என்றே தெரியவில்லை.

மறுநாள் வெள்ளனே அப்பா வேலையைத் திருப்பிக் கேட்கப் பள்ளிக்குப் போனார். இத்தனை வருஷம் சமைத்துப் போட்டவரைத் திருப்பி அனுப்பிவிடுவார்களா என்று நானும் அம்மாவும் ஒருவருக்கொருவர் தைரியம் சொல்லிக்கொண்டோம். மதியம் தாண்டி வந்தார். கை இரண்டும் தண்ணீரில் ஊறி வெளுத்திருந்தன. அவரிடம் காய் நறுக்கியவனை அவர் இடத்தில் போட்டுவிட்டார்களாம்.

"அவனும் பிள்ளகுட்டிக்காரன், இருந்துட்டுப் போறான். எனக்குச் சட்டி கழுவுற வேல குடுத்துருக்காங்க" என்றார், ஏதோ உத்தியோக உயர்வு மாதிரி.

அதிர்ந்துபோனேன். அந்த அடுப்படியில் அவர் சொல்லாமல் உப்புகூட விழாது.

"நான் படிப்ப விட்டுர்றேம்ப்பா."

"எதுக்கு? சட்டி கழுவுனா கை தேஞ்சா போயிரும்? நீ வெரசா கெளம்பு, கடைசி பஸ் போயிரும்."

கிளம்பினேன். வாசல்வரை வந்தவர் குரலைத் தாழ்த்தி, "பஸ்ஸுக்குக் காசு வச்சிருக்கியாம்மா?" என்றார். சட்டைப்பைக்குள் கையை விட்டுக்கொண்டேதான் அவர் கேட்டார்.