தோட்டத்திலிருந்து வராத எண்கள்

கீரமங்கலத்தில் செல்வி அக்காவின் மல்லிகைத் தோட்டத்தில் எங்கள் கம்பெனி ஒரு கருவி பொருத்தியிருந்தது. தோட்டத்துப் பெட்டி மண்ணின் ஈரத்தை அளந்து வயர் வழியாக வீட்டுப் பெட்டிக்கு அனுப்பும். அங்கே திரையில் எண் தெரியும்.

"செடியெல்லாம் வாடுதுங்க. இது மட்டும் ஈரம் இருக்குங்குது" என்று அக்கா போன் செய்ததால் பார்க்கப் போனேன்.

வீட்டுப் பெட்டியில் லேப்டாப்பைச் செருகிப் பார்த்தால், தோட்டத்திலிருந்து ஓர் எண்கூட வரவில்லை. வயரை எலி கடித்திருந்தது. ஆனாலும் திரையில் எண் மாறிக்கொண்டே இருந்தது. குழம்பிப்போய் வீட்டுப் பெட்டிக்கான புரோகிராமைத் திறந்தேன். தகவல் வராவிட்டால், ஈரம் இருப்பதுபோல் ஏதாவதோர் எண்ணைக் காட்டும்படி அதில் எழுதியிருந்தது.

அதை எழுதிய கம்பெனி சீனியரைப் போனில் அழைத்தேன். சிரித்தார். "டெமோவுக்குப் போட்டதும்மா. திரை சும்மா இருந்தா கம்ப்ளெயிண்ட் வரும்ல? மழையில கெட்டுப்போச்சுன்னு சொல்லிட்டு வந்துரு."

அக்கா மோர் கொண்டுவந்து நீட்டினார். வாங்கக் கை வரவில்லை. உள்ளதை அப்படியே சொன்னேன்.

"இத நம்பித்தானேம்மா தண்ணி விடாம இருந்தேன்" என்றார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. "இரும்மா, மோட்டாரப் போட்டுட்டு வாரேன்" என்று தோட்டத்துக்கு ஓடினார்.

வயரை மாற்றினேன். அந்த வரியை அழித்துவிட்டு, 'தகவல் வரவில்லை' என்று காட்டும்படி எழுதினேன். சில நிமிட வேலைதான்.

கெட்டுப்போன கருவிகள் எத்தனையோ பார்த்திருக்கிறேன். எதன்மீதும் எனக்கு அருவருப்பு வந்ததில்லை. அந்த வீட்டுப் பெட்டி கெட்டுப்போகவே இல்லை. எழுதியபடி ஒழுங்காக வேலை செய்தது. அதை நினைத்தால்தான் இன்றும் உடம்பு கூசுகிறது.