புரோக்கர் வைத்த பொட்டு

அந்த வீட்டுப் புரோக்கரை எனக்கு முதல் நாளே பிடிக்கவில்லை. மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, மூக்கை அடைக்கும் சென்ட். எங்கள் வீட்டில் எதைத் தொட்டாலும் உடனே கைக்குட்டையை எடுத்து விரல்களைத் துடைத்துக்கொள்வார்.

அம்மா இறந்த பிறகு மாத்தளை வீட்டை விற்க அவரைத்தான் பிடித்தோம். வெறும் வீட்டை யாரும் விரும்ப மாட்டார்கள் என்று வாடகை சோபாவும் பிளாஸ்டிக் பூவும் கொண்டுவந்து வைத்தார். வாசல் நிலையில் அம்மா வெள்ளிக்கிழமைதோறும் வைத்து வைத்துத் தடித்துப்போயிருந்த மஞ்சளையும் குங்குமத்தையும் கத்தியால் சுரண்டினார்.

"அத ஏன் சுரண்டுறீங்க?" என்றேன்.

"அழுக்கா தெரியுது சேர். வாங்க வர்றவங்க எந்த ஆளுங்களோ, யாருக்குத் தெரியும்?"

முதலில் வந்தது இரத்தோட்டைப் பக்கத்துத் தமிழ்க் குடும்பம். அந்தப் பெண் சோபாவைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நிலையைத் தடவிப் பார்த்து, "வெளக்கேத்துன வீடாவே தெரியலையேங்க," என்றாள். போய்விட்டார்கள்.

நான் கத்தினேன். அவர் கொஞ்சமும் கூசவில்லை. மறுநாளே மஞ்சளும் குங்குமமும் வாங்கிவந்து, சுரண்டிய அதே இடத்தில் பொட்டு வைத்தார். தள்ளி நின்று தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

"இப்ப பாருங்க சேர், ஆளுங்க வாழ்ந்த வீடு மாதிரியே இருக்கு."

சொல்லிவிட்டுக் கைக்குட்டையை எடுத்து விரலைத் துடைத்துக்கொண்டார்.

பொட்டு அம்மா வைத்தது போலவே இருந்தது. அதைத்தான் என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை.