மெர்சிங் கடலுக்கு ஒரு ட்ரை சூட்

மலேசியாவின் ஜொகூரில் ட்ரை சூட் வாங்க ஆசைப்பட்ட ஆள் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். பனிக்கடலில் ஸ்கூபா முக்குளிப்பு செய்கிறவர்கள் போடும் உடை அது. உள்ளே கம்பளித் துணி உடுத்தி, மேலே அதை மாட்டி ஜிப்பை இழுத்துவிட்டால் சொட்டுத் தண்ணீர் உள்ளே வராது. எங்கள் கடலோ வெதுவெதுப்பாகக் கிடக்கும். ஆனாலும் என் மனைவிக்காக அது எனக்கு வேண்டியிருந்தது.

கல்யாணமான புதிதில் இருவரும் சேர்ந்துதான் ஸ்கூபா கற்றோம். கெலாங் பாத்தாவில் வீடு, சிங்கப்பூரில் வேலை. வாரம் முழுக்க இரு நாட்டுக்கும் நடுவிலுள்ள பாலத்து நெரிசலிலேயே கழியும். சனிக்கிழமை விடிந்தால் மெர்சிங் கடற்கரை. போனால் இரண்டு டைவ் கட்டாயம். முதல் டைவ் முடிந்து படகேறும்போதே அவளுக்குப் பல் தந்தியடிக்கும். துவாலையைப் போர்த்திவிட்டு, இஞ்சி போட்ட தேநீரை பிளாஸ்க் மூடியில் ஊற்றிக் கொடுப்பேன்.

"இந்தக் கடல்ல குளிருற ஒரே ஆளு நீதான்" என்பேன்.

"உங்களுக்கென்ன, உள்ளேயே கம்பளி வச்சிருக்கீங்க" என்று என் தொந்தியைக் காட்டுவாள். பிறகு இரண்டாவது முறையும் என்னோடு இறங்குவாள். ஆமையைக் கண்டால் பின்னாலிருந்து என் காலில் மாட்டியிருக்கும் துடுப்பைப் பிடித்து இழுப்பாள். அந்தச் சனிக்கிழமைகளை நினைத்தால் இன்றும் நெஞ்சு நிறைகிறது.

தைராய்டு வந்த பிறகு அவளால் குளிரைத் தாங்க முடியவில்லை. மருத்துவர் தடுக்கவில்லை, அவளே நிறுத்திக்கொண்டாள். நான் முன்பின் தெரியாதவர்களோடு இறங்கினேன். எத்தனை ஆமை வந்தும் என் துடுப்பை இழுக்க ஆளில்லை. வீட்டுக்கு வந்து காரணமில்லாமல் எரிந்து விழுந்தேன்.

அப்போதுதான், முன்பு எங்களோடு டைவ் செய்த தோழி ஒருத்தி நியூசிலாந்து வேலையை முடித்துக்கொண்டு திரும்பினாள். அங்கே வாங்கிய ட்ரை சூட்டை விற்றுவிடப் போவதாகச் சொன்னாள்.

"அக்காவுக்கு அளவு சரியா இருக்கும்ணே. ஆனா இதுக்குத் தனியா பழகணும், மிதக்காம இருக்க இடுப்புல ஈயம் கூடக் கட்டணும், கழுத்து ரப்பர் பிஞ்சா மாத்தணும். நம்ம கடலுக்கு வொர்த்தான்னு யோசிங்க லா."

நான் எங்கே யோசித்தேன்? அந்த வாரமே மூவரும் மெர்சிங்கில் படகேறித் தீவுக்குப் போனோம். பவுடர் கொட்டி, கழுத்து ரப்பருக்குள் தலையை நுழைத்து வெளியே எடுப்பதற்குள், "அலமாக், பிள்ளை பெத்ததே ஈஸி" என்று முனகினாள் என் மனைவி. கரையில் நின்ற நேரத்திலேயே வியர்வை வழிந்தது. தோழி கையைப் பிடித்துக்கொள்ள, ஆழமில்லாத இடத்தில் கொஞ்ச நேரம் மிதந்து பழகினாள்.

கரையேறியதும் பழக்கதோஷத்தில் துவாலையை விரித்துக்கொண்டு ஓடினேன். தேநீரும் தயாராக இருந்தது. அவள் ஒரு மிடறு குடித்துவிட்டு மூடியைக் கீழே வைத்தாள்.

"குளிரவே இல்லீங்க."

"அப்ப வாங்கிடலாம்!"

"வேணாம். தண்ணி மேல படவே இல்ல. கடலுக்கு வந்த மாதிரியே இல்லீங்க."

"அப்ப இனிமே என்கூட வரவே மாட்டியா?"

அவள் துவாலையை வாங்கி, நனையாத தோளில் போட்டுக்கொண்டாள். "தண்ணி உள்ள வர்ற தடியான வெட் சூட்டு போட்டுக்கிட்டு ஒரு டைவுக்கு வர்றேன். ரெண்டாவது என்னால முடியாது. அப்ப நீங்க மேல படகுல என்கூட உக்காந்திருப்பீங்களா?"

எனக்கு அது தோன்றவே இல்லை. குளிரை எப்படி விரட்டுவது என்றே மண்டையை உடைத்துக்கொண்டிருந்தேன்.

ட்ரை சூட்டை அன்றே தோழியிடம் திருப்பிக் கொடுத்துவிட்டோம். இப்போதெல்லாம் மற்றவர்கள் இரண்டாவது முறை குதிக்கும்போது நாங்கள் படகிலேயே இருக்கிறோம். அவள் நடுங்குகிறாள், நான் கிண்டலடிக்கிறேன், ஒரே மூடியில் மாற்றி மாற்றித் தேநீர் குடிக்கிறோம். போன தடவை முதல் டைவில் ஒரு பெரிய ஆமை வந்தது. அவள் இழுத்த இழுப்பில் என் துடுப்பு கழன்று அவள் கையோடு போய்விட்டது.