கிழித்த பல்லும் வெட்டிய பல்லும்

தபால்தலை விற்கிறவனுக்குப் படத்தைவிட விளிம்புதான் சோறு போடும். தென்காசியில் சின்னதாக ஒரு கடை வைத்திருக்கிறேன். என்னைப் போல லென்ஸும் கையுமாக அலைகிறவர்களுக்கு இந்த அவஸ்தை தெரியும். ஓட்டை போட்டுக் கிழிக்கிற ஸ்டாம்பின் விளிம்புப் பல் நுனியில் பஞ்சு மாதிரி பிசிறு நிற்கும். ஸ்டிக்கர் போல உரித்து ஒட்டுகிற ஸ்டாம்பைப் பிளேடு அச்சால் வெட்டுகிறார்கள். பல் இருக்கும், பிசிறு இருக்காது.

போலீசுக்குப் போக இருந்த கதை

வடகரையில் தென்னந்தோப்பு வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவர் என்னிடம் அமெரிக்க ஸ்டாம்புகள் வாங்கிப் போனார். மறுநாளே வந்து, கடையில் ஆள் நிற்கும்போதே சத்தம் போட்டார். "கத்தரிக்கோலால வெட்டின கள்ள ஸ்டாம்ப என் தலையில கட்டிட்டீரே வே! போலீசுக்குப் போவேன் பாத்துக்கிடும்."

நின்றவர்கள் மெல்ல நழுவினார்கள். அவர் வாங்கினது உரித்து ஒட்டுகிற ரகம். கிழிக்கிற ரக இந்திய ஸ்டாம்பு ஒன்றை அவருடையதன் பக்கத்தில் வைத்து லென்ஸைக் கொடுத்தேன். வெகுநேரம் உற்றுப் பார்த்தார். முகம் இளகியது. "அப்பம் அது சொந்தப் பல்லு, இது கட்டுப் பல்லு. மொதல்லயே சொல்லியிருக்கலாம்லா வே!"

ஊறப்போட்ட கவர்கள்

புளியங்குடி எலுமிச்சை வியாபாரி ஒருவர், மகள் வெளிநாட்டிலிருந்து அனுப்பிய கவர்களைத் தந்து ஸ்டாம்புகளை எடுத்துத் தரச் சொன்னார். கிழித்த ரகம் தண்ணீரில் ஊறினால் கழன்றுவிடும். வெட்டின ரகம் பலதும் கழலாது. பசை பிசுபிசுத்துப் பாழாகும். கவரோடு சேர்த்து நறுக்கி வைப்பதே உத்தமம். கவர்களை வீட்டில் வைத்துவிட்டுக் கடைக்கு வந்திருந்தபோது மனைவி போன் செய்தாள்: "ஸ்டாம்ப ஊறப் போட்டுட்டேன்." வீட்டுக்கு வண்டியை விரட்டினேன். சட்டியில் பிசிறு ரகம் மட்டும் மிதந்தது. மற்றவை மேசைமேல் காகிதத்தோடு பத்திரமாக இருந்தன. எப்படிப் பிரித்தாய் என்று கேட்டேன். "சோத்துக்கு உக்காந்தா இதத்தான பேசுதீய, எனக்குக் காது இல்லையா?" என்றாள்.

ஐந்தருவிக் குரங்கு

சாரல் சமயம். தலை ஈரத்தோடு ஒரு டீச்சர் கடைக்குள் வந்தார். மதுரைக்காரர். மறுநாள் கண்காட்சியில் வைக்க வேண்டிய பறவை ஸ்டாம்பு ஆல்பத்தை, ஐந்தருவியில் ஒரு குரங்கு பையோடு பறித்திருக்கிறது. தின்ன ஒன்றும் இல்லை என்றதும் தண்ணீரில் போட்டுவிட்டதாம். நனைந்த ஆல்பத்தை நீட்டிப் பேசும்போதே அழுதுவிட்டார்.

முதலில் பிசிறு பார்த்துப் பிரித்தோம். உரித்து ஒட்டுகிறவை அடித்தாளோடு இருந்ததால் துடைத்ததும் தேறின. கிழித்தவை எல்லாம் இன்னும் ஒட்டாத, பின்பக்கம் பசையுள்ள புது ஸ்டாம்புகள். பசை இளகி ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்தன. தண்ணீரிலேயே மிதக்கவிட்டு, ஒவ்வொன்றாக விலக்கி, மைஒற்றும் தாளுக்கு நடுவே வைத்து உலர்த்தினோம். சாயங்காலம் தாளைத் திறந்தபோது ஒரு பல்கூட உடையவில்லை. "பசைதான் போயிட்டு டீச்சர், விலை கொறையும்" என்றேன் தயங்கி. அவர் ஆல்பத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சிரித்தார். "பசை போனா போகுது சார், நானா நக்கி ஒட்டப் போறேன்!"

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போன நாட்களைத்தான் இந்தத் தொழிலில் நான் லாபம் என்று சொல்லிக்கொள்கிறேன்.