ஏ மைனரில் ஒரு தாலாட்டு

மேல்நாட்டு இசையில் மைனர் சுருதி என்றால் சோகம் என்று முதலில் சொன்னவர் யாரோ தெரியாது. எங்கள் பக்கத்துக் கலியாண வீடுகளில் ஆளை எழுப்பி ஆடவைக்கிற பாட்டுகளில் பாதி மைனர்தான். மூன்றாவது சுரத்தை அரைப்படி இறக்கிவிட்டால் மைனர். பிறகு அழுவதும் ஆடுவதும் கேட்கிறவர் பாடு. என் அக்கா தன் மகளுக்குப் பாடிய தாலாட்டும் மைனர்தான். பிள்ளை அதைக் கேட்டு நித்திரை கொண்டதில்லை, சிரித்தது.

மகளின் கலியாண வரவேற்பிலும் அதையே பாடவேண்டும் என்று அக்காவுக்கு ஆசை. கழுத்தில் சத்திரசிகிச்சை முடிந்து, போன குரல் அப்போதுதான் மெல்லத் திரும்பியிருந்தது. "உயரத்துக்குப் போகாதேங்கோ. இனி ஒருக்காக் குரல் போனால் வராது" என்று டொக்டர் சொல்லியிருந்தார்.

கீபோட் வாசிப்பது அத்தான். தானாகப் பழகியவர். அப்படிப் பழகியவர்களுக்கெல்லாம் ஏ மைனர்தான் சொந்த வீடு. கறுப்புக் கட்டையைத் தொடாமலே வாசித்து முடிக்கலாம். வேறு சுருதி வேண்டுமென்றால் விரலை மாற்றமாட்டார்கள், பொத்தானை அமத்துவார்கள். விரல் ஏ மைனரில் ஓடும், சத்தம் வேறெங்கோ கேட்கும். அக்காவுக்காக அத்தான் மூன்று படி இறக்கி வைத்திருந்தார். வீட்டில் அவள் அதில் சுகமாகப் பாடினாள்.

மண்டபத்தில் அக்கா மைக்கைப் பிடித்த நேரம், மாப்பிள்ளையின் பெரியப்பா புல்லாங்குழலோடு மேடையேறிவிட்டார். புல்மோட்டையிலிருந்து வந்தவர். அவருக்கு ஊதத் தெரியும் என்பதே எங்களுக்குத் தெரியாது.

"சம்பந்தியம்மா பாடேக்க நான் சும்மா இருக்கிறதோ? என்ன சுருதி?"

"ஏ மைனர்" என்றார் அத்தான்.

முதல் வரியிலேயே சுருதி பிசகியது. குழல் ஒரு பக்கம், கீபோட் ஒரு பக்கம். பந்தியில் சோறு போட்டுக்கொண்டிருந்தவர்கள்கூடக் கரண்டியோடு நின்றார்கள். பெரியப்பாவின் முகம் வெளிறியது. பிழை தன்னுடையது என்று நினைத்துவிட்டார்.

அக்கா மைக்கிலேயே சொன்னாள். "ஒராள் திருகோணமலையில நிண்டு வாசிக்கிறார், மற்றவர் மூதூரில நிண்டு ஊதுறார். நடுவில குடாக் கடலுக்கை தாழுறது நான்!"

சபை சிரித்தது. அத்தான் தலையில் கை வைத்தார். "ஐயோ, நான் விரல் ஓடுற சுருதியைச் சொல்லிப்போட்டன்."

"ஆடத் தெரியாதவள் மேடை கோணல் எண்டாளாம். இவர் விரல் எண்டுறார்!" என்றாள் அக்கா.

பெரியப்பா குழலைத் தடவினார். "என்னட்டை இது ஒண்டுதான் பிள்ளை. இதில அவ்வளவு கீழ ஊத ஏலாது. நீங்கள் பாடுங்கோ, நான் இறங்குறன்."

சம்பந்தியின் முகம் சுருங்கினால் பிள்ளையின் சோறு சுருங்கும் என்பார்கள் எங்கள் சனம். முன்வரிசையில் மாப்பிள்ளை வீட்டார் சிரிப்பை நிறுத்தி அக்காவையே பார்த்தார்கள்.

"மேடையேறின ஆளை இறக்கி விடுறதோ? நில்லுங்கோ அண்ணை." அக்கா அத்தானிடம் திரும்பினாள். "இறக்கினதைப் பழையபடி ஏத்துங்கோ."

"விசரோ உனக்கு?" அத்தான் பல்லுக்குள் கேட்டார். நான் கீழே நின்று வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டினேன்.

"ஏத்துங்கோ எண்டுறன்."

உண்மையான ஏ மைனரில் தாலாட்டு தொடங்கியது. குழலும் கீபோட்டும் ஒன்றாகின. முதலடி நன்றாகவே போனது. பெரியப்பா கண்ணை மூடிக்கொண்டு ஊதினார். இரண்டாமடியில் மெட்டு மேலேறும் இடம் வந்தது. அக்காவின் வாய் திறந்தது. சத்தம் வரவில்லை.

மைக் நின்றுவிட்டதென்று ஒருவர் வயரைப் பிடித்துப் பார்த்தார். மைக்கில் பழுதில்லை.

அக்காவின் உதடு மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. ஒரு சொல்லும் விடாமல் அவள் பாடிக்கொண்டிருந்தாள். ஒன்றும் அறியாத பெரியப்பா, அவள் தனக்கு இடம் விட்டுக்கொடுக்கிறாள் என்று நினைத்து இன்னும் உருகி ஊதினார். மணப்பெண் கதிரையை விட்டு எழுந்துவிட்டாள். அக்கா ஒரு கையால் கழுத்தைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் "இரு, இரு" என்று மகளுக்குச் சைகை காட்டினாள்.